முகத்துவாரத்தில் நான் பிடித்த கொடுவா

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பழவேற்காட்டில் பிறர் வாயால் கேட்டால் அது இன்னும் இரண்டு முழம் வளர்ந்திருக்கும். ஏரியில் நான் ஒரு மீன் பிடித்தேன். அந்த ஒரு மீனால், எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு மனிதர் அந்தப் பருவத்துப் பிழைப்பையே இழக்க இருந்தார். மீன் மிகவும் நன்றாக இருந்தது. இன்றும் வெட்கம் தருவது அதுதான்.

அப்போது நான் கோட்டையில் ஒல்லாந்தருக்குத் துபாசி. துபாசி என்றதும் பல்லக்கும் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியும் உங்கள் நினைவுக்கு வந்தால் தயவுசெய்து அவற்றை இறக்கி வையுங்கள். கோட்டையில் துபாசிகள் ஐந்து பேர், நான் ஐந்தாமவன். பெரிய துபாசி துணிக்கு விலை பேசுவார். அடுத்தவர் வழக்குப் பேசுவார். துரை தும்முகிறார், சன்னலைச் சாத்து என்பதுபோன்ற செய்திகள் என் பங்குக்கு வரும். எங்களுடையது ஆரம்பாக்கம் பக்கம் நெல் விளைக்கிற குடும்பம். எங்கள் வரப்பில் நின்றால் ஏரி பளபளவென்று தெரியும். அந்தப் பளபளப்பைத் தவிர ஏரியைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு முறை கடல் கடந்த ஒல்லாந்தர் பட்டணமான பத்தாவியாவிலிருந்து துணி வாங்க ஒரு வணிகர் வந்தார். மாதக்கணக்கில் கப்பலில் ஆடி வந்தவருக்கு ஊருக்குள் அடிக்கிற கருவாட்டு மணம் ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல்திட்டில் ஒரு துரைசானி விடுதி நடத்திக்கொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். கப்பல் தலைவர்களும் பெரிய வணிகர்களும் கடலைப் பார்த்தபடி உண்டு உறங்கிப் போகும் இடம் அது. முன்வாசல் கடலுக்கு, பின்வாசல் ஏரிக்கு. அக்கம்பக்கத்தில் வேறு மாடி கிடையாது. ஊரிலிருந்து படகில் போய்ச் சேரவே அரைப்பொழுது ஆகிவிடும்.

வணிகர் அங்கே ஆறு நாள் தங்குவது என்றும், அவருக்கு நாக்காக ஒரு துபாசி கூடவே தங்குவது என்றும் முடிவாயிற்று. வெள்ளைக்காரர் மேசையில் கை நனைக்க மாட்டோம் என்று மற்ற நால்வரும் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது நானும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்றேன். வயிறு அதற்குள் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்கு ஊரில் இல்லாத ஆர்வம் வந்துவிட்டது. சமையலறைச் சுவரில் நீலமும் வெள்ளையுமாகச் சிறு ஓடுகள் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு படம்: ஒரு கப்பல், ஒரு நாய், தூண்டில் போடுகிற ஒருவன், விழப்போகிற ஒருவன். ஒரே படம் இரண்டு ஓட்டில் வருகிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். வரவில்லை. கூடத்தில் ஆள் உயர மணிப்பொறி ஒன்று நின்றது. அது அடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அதன் எதிரில் வெகுநேரம் காத்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அடித்தது.

பின்பக்கம் ஒரு தனிச் சிற்றறை. அதற்கும் கதவு, அதற்கும் தாழ்ப்பாள், உள்ளே பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. கக்கூஸ் என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திறந்தவெளியில் வளர்ந்தவனுக்குக் கதவைச் சாத்தினால் எதற்கோ தண்டனை கொடுத்ததுபோல் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த அறையில் நான்கு தூண் வைத்து, சுற்றிலும் திரை தொங்கவிட்டு, ஏறுவதற்கு இரண்டு படியும் போட்டு ஒரு மண்டபம் இருந்தது. உள்ளே வெள்ளை விரிப்பு, தலையணை நான்கு. இவ்வளவு ஏற்பாடு ஐந்தாம் துபாசிக்கு இருக்காது, இது பார்ப்பதற்காக வைத்தது என்று முடிவு செய்து அதன் அடியில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் காப்பி கொண்டுவந்த சமையற்காரி என் இரண்டு காலை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"இன்னா துபாசியாரே, மேல யாருனா படுத்துகினு கீறாங்களா?"

இல்லை என்று அடியிலிருந்தே பதில் சொன்னேன். காப்பியைத் தரையில் என் காலருகே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேலும் விளக்கம் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அவள் பசியாவரத்து மீனவர் வீட்டுப் பெண். நாற்பது வயது இருக்கும். சமையலறைக்குப் பின்னால் ஒரு குடிசையில் அவளும் அவள் கணவரும் இருந்தார்கள். அவர் கடலுக்கும் ஏரிக்கும் போய் வருவார், பகலில் பெரும்பாலும் தூங்குவார். அவளுக்கு ஒல்லாந்து மொழியில் உப்பு, வெண்ணெய், சீக்கிரம் என்ற மூன்று சொற்கள் தெரியும். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவள் அந்த விடுதியையே நடத்தினாள் என்று சொல்லலாம். நான் கேட்கிற கேள்விகளைப் பார்த்து, நீ உண்ண வந்தாயா, வேவு பார்க்க வந்தாயா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

உச்சிப்பொழுதுதான் அவர்களுக்குப் பெரிய சாப்பாடு. துரைசானி ஒரு தலைப்பில், வணிகர் எதிர்த் தலைப்பில், நடுவில் நான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கால்கள் தாமாகவே மேலே ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டன. அவற்றைக் கீழே இறக்கினேன். பேச்சு சூடுபிடித்ததும் திரும்ப ஏறிவிட்டன. மடியில் விரிக்க ஒரு துணி தந்தார்கள். நெசவைத் தடவிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கட்டம். எனக்குத் தெரிந்த தறியில் நெய்து, மூட்டை கட்டி, கப்பலேறி, யாரோ ஒருவர் ஊரில் ஓரம் தைத்து மறுபடி இங்கேயே வந்திருக்கிறது. எனக்கு முன்னால் அது உலகத்தைப் பார்த்துவிட்டது.

மடவை மீனை வெண்ணெயில் வாட்டி, மேலே ஜாதிக்காயைத் துருவிப் போட்டிருந்தார்கள். முள்கரண்டி என்கிற அந்தச் சிறு சூலாயுதத்தால் மீனைக் குத்தினால் சதை நழுவுகிறது, முள் மட்டும் கூடவே வருகிறது. நான் திண்டாடுவதைக் கண்ட சமையற்காரி, ரொட்டி வைப்பதுபோல் வந்து, ரொட்டிக்கு அடியில் கொஞ்சம் மிளகாய் அரைத்ததை ஒளித்து வைத்துவிட்டுப் போனாள். அன்று முதல் எனக்கு அவள்மீது பெரிய மரியாதை.

இரண்டாம் நாள் சாப்பாட்டில் வணிகர் ஓர் ஆசையைச் சொன்னார். இந்த ஏரியில் கொடுவா என்று ஒரு மீன் உண்டாமே, அதைத் தின்னாமல் திரும்பிப் போனால் பத்தாவியாவில் எல்லோரும் சிரிப்பார்களாமே, நாளைக்குக் கிடைக்குமா என்றார். துரைசானி சமையற்காரியைக் கூப்பிட்டார். அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். கொடுவா வருவது முகத்துவாரத்தில். அதாவது கடல் ஏரிக்குள் நுழைகிற வாய். நாளைக்கு அங்கே யாரும் வலை போட மாட்டார்கள். அதனால் கிடைக்காது.

ஏன் போட மாட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ஓடு எத்தனை, மணி எப்போது அடிக்கும், கக்கூஸ் ஓட்டை எங்கே போகிறது என்று இரண்டு நாளாக அந்த வீட்டையே குடைந்தவன், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. நாற்காலியும் திராட்சைச் சாறும் சேர்ந்து எனக்குள் யாரோ ஒரு பெரிய மனிதரை உட்காரவைத்திருந்தன. அவர் வாயைத் திறந்து, நாளை உங்கள் தட்டில் கொடுவா இருக்கும், நான் பொறுப்பு என்று ஒல்லாந்து மொழியில் சொன்னார். நான் அதைத் தமிழில் சமையற்காரிக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பின்வாசல் வழியாக ஏரிப்பக்கம் போய்ப் பார்த்தேன். முகத்துவாரம் அவள் சொன்னபடியே காலியாக இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மீன் துள்ளுகிறது, ஒரு படகு இல்லை, ஒரு வலை இல்லை.

இந்த இடத்தில் நெல் விளைக்கிறவன் மூளை எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வயலுக்குப் பாய்கிற சிற்றேரித் தண்ணீருக்கு முறை உண்டு. இன்று உன் மடை, நாளை என் மடை. முறைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டால் அடுத்த வயல்காரன் மடையைத் திறந்துகொள்வான். அதில் தவறே இல்லை, தண்ணீரை வீணாக ஓடவிடுவதுதான் எங்கள் ஊரில் பாவம். ஆகவே அந்தக் காலித் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு மனம் பதறியது. வீணாகப் போகிறதே என்று.

சமையற்காரியிடம் போய், கடலோரத்தில் சும்மா வீசிப் பார்க்க வீச்சுவலை ஒன்று வேண்டும் என்று கேட்டேன். ஏதோ அலையில் விளையாடப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்தாள். கணவர் தூங்குகிறார், கிழிந்தால் நீதான் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

தலைப்பாகையையும் அங்கியையும் கரையில் கழற்றி வைத்துவிட்டு, கோவணத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். சிறுவயதில் எங்கள் ஊர்ச் சிற்றேரியில் கெண்டைக்கு வலை வீசிய பழக்கம் கொஞ்சம் இருந்தது. இது அந்த வலையைவிட மூன்று மடங்கு கனம். முதல் வீச்சில் வலை போன பக்கமே நானும் போனேன். இரண்டாம் வீச்சில் வலை விரியாமல் துணிமூட்டைபோல் விழுந்தது. மூன்றாம் வீச்சில் கயிறு காலில் சுற்றி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பின்பக்கமாக மல்லாந்தேன். எழுந்து வலையை இழுத்தால் உள்ளே ஒரு கொடுவா. என் கை நீளம் இருந்தது. திறமைக்கு அகப்பட்ட மீன் இல்லை அது, இரக்கப்பட்டு வந்த மீன்.

எங்கே பிடித்தாய் என்று சமையற்காரி கேட்டாள். சாப்பிடும்போது சொல்கிறேன் என்று மிதப்பாகச் சிரித்தேன். வழியில் போன படகில் வாங்கியிருப்பேன் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

உச்சிப்பொழுதில் அந்தக் கொடுவா நீலப் பூப்போட்ட பெரிய தட்டில் முழுதாக வந்தது. மேலே இஞ்சியும் வெண்ணெயும். முதல் வாய் போட்டதும் வணிகர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் போட்டேன். சதை வெண்ணெயோடு போட்டி போட்டுக்கொண்டு கரைந்தது. எப்படிப் பிடித்தாய் என்று வணிகர் கேட்டார். அதற்காகத்தானே காத்திருந்தேன். எழுந்து நின்று, பின்சன்னல் வழியாக முகத்துவாரத்தைச் சுட்டிக் காட்டி, வலை வீசியதையும் விழுந்ததையும் நடித்துக் காட்டினேன். பேச்சு ஒல்லாந்து மொழியில்தான். ஆனால் என் விரல் தமிழில் இருந்தது. இரண்டாம் முறை மீன் பரிமாற வந்த சமையற்காரி அந்த விரலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அங்கயா வீசினீங்க? எங்க வலையிலயா?"

ஆமாம், காலியாகத்தானே கிடந்தது என்றேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. முகத்துவாரம் நல்ல இடம், எல்லோருக்கும் வேண்டிய இடம். அதனால் ஊரில் சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைய பாடு யாருடையதோ அந்த வீட்டில் முந்தாநாள் சாவு. அவர்கள் வரவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். யாரும் இறங்க மாட்டார்கள். அந்த வீட்டு நாளில் ஓடுகிற மீன் அந்த வீட்டு மீன். பிடித்தாலும் அவர்களுடையது, ஓடிப்போனாலும் அவர்களுடையது.

"அடுத்தவன் பாட்டுல வலை எறக்கினா, எறக்கினவன் பாட்ட ஊர்ல வெட்டிடுவாங்க. இந்தப் பருவம் முழுக்க. நாளன்னிக்கு எங்க வூட்டுக்காரு பாடு. இதுக்குன்னு எத்தினி நாளா காத்துகினு கீறாரு தெரியுமா?"

எங்கள் ஊரில் மடை முறை எப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மடை தானாக மூடிக்கொண்டது. உங்கள் வலை என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். வலைக்கயிற்றின் நுனியில் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் அடையாளத் துணி கட்டியிருப்பார்களாம். இவர்களுடையது சிவப்புக் கட்டம். எதிர்க்கரையில் எப்போதும் யாராவது கையால் இறால் தடவிக்கொண்டிருப்பார்களாம். அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காதாம்.

அவள் என்ன சொல்கிறாள் என்று வணிகர் கேட்டார். மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றேன். துபாசியாக என் வாழ்நாளில் நான் செய்த மிக மோசமான மொழிபெயர்ப்பு அது. வணிகர் அவளைப் பார்த்து மகிழ்ச்சியோடு தலையாட்டி இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார்.

அவள் பயந்ததுபோலவே ஆயிற்று. சாயங்காலத்துக்குள் பசியாவரத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. காலையில் ஊர் கூடுகிறது, வலைக்காரர் வர வேண்டும் என்று. தூக்கத்திலிருந்து எழுந்துவந்த அவள் கணவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் என்னைத் திட்டவில்லை. குடிசைக்குள் போய் அந்த வலையை எடுத்து வைத்து, கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நாங்கள் நால்வரும் ஒரே படகில் போனோம். நான்காவது ஆள் வணிகர். துபாசி இல்லாமல் அவரால் வேலைக்காரரிடம் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அதைவிட, என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை. கரையோரம் மணலில் ஊர் உட்கார்ந்திருந்தது. நடுவில் நாட்டார், ஊர்த்தலைவர். ஓரத்தில் மொட்டைத் தலையோடு ஒருவர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தகப்பனைப் பறிகொடுத்தவர். நான் வலை வீசிய நாள் அவருடைய பாடு.

நான் முன்னால் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வலைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், வீசியவன் நான், மீனைத் தின்றவர்களில் ஒருவனும் நான். ஊர் என்னை மேலும் கீழும் பார்த்தது. அங்கி, தலைப்பாகை, காதில் செருகிய எழுத்தாணி. ஒருவரும் நம்பவில்லை. முகத்துவாரத்துத் தண்ணீரில் நின்று கொடுவா பிடிக்கிற உடம்பா இது என்று ஒருவர் கேட்டார். அவன் தலையைக் காப்பாற்ற நீ உன் தலையைக் கொடுக்கிறாய், விடுதிச் சோறு பேசுகிறது என்றார் இன்னொருவர். பொய் சொல்லிப் பிழைத்தவன் நான். உண்மையைச் சொல்லி நம்பவைக்க எனக்குப் பழக்கமே இல்லை.

எதிர்க்கரையிலிருந்து பார்த்த பெண் யார் என்று நாட்டார் கேட்டார். இறால் தடவுகிற பெண் ஒருத்தி எழுந்தாள். சிவப்புக் கட்டத் துணியைப் பார்த்தேன், ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை, ஆள் கோவணத்தில் இருந்தான், ஆனால் வலையோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருந்தான் என்றாள். சமையற்காரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரு வலை வீசி வுயுந்தத இந்த ஊர்ல யாருனா பார்த்துகீறீங்களா? இவர ஒரு தபா வீசச் சொல்லுங்க."

என் கையில் வலையைக் கொடுத்தார்கள். அங்கியைக் கழற்றினேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரர் குடை பிடித்துக்கொண்டு படகில் நின்று பார்க்க, கோவணத்தோடு தண்ணீரில் இறங்கினேன். இந்த முறை விழ வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் பாசாங்கு செய்ய எனக்கு நேரமே கிடைக்கவில்லை. வலை போன வேகத்தில் கயிறு காலைச் சுற்றியது, இரண்டு கையும் விரிந்தன, மல்லாந்தேன். தண்ணீருக்கு வெளியே தலை வந்தபோது காதில் முதலில் விழுந்தது அந்தப் பெண்ணின் குரல். இதே ஆள்தான், இதே கைவிரிப்புதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர் சிரித்தது. ஓரத்தில் இருந்த மொட்டைத் தலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்த மீன் அவருடையது, சொல்ல வேண்டியதும் அவர்தான். நான் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்தியபடி, காலில் சுற்றிய கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல், நொண்டி நொண்டிக் கரையேறினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு வாயோரம் லேசாகக் கோணியது.

"எங்க நைனா இருந்திருந்தா இத்தப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாரு" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வலைக்காரர் பாட்டை வெட்ட வேண்டாம் என்று நாட்டாரிடம் சொன்னார்.

சமையற்காரி என் பக்கம் திரும்பவில்லை. அவள் கணவர் மட்டும் குனிந்து என் காலில் இருந்த கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டார்.

எனக்கு என்ன தண்டனை என்று ஒரு பேச்சு எழுந்தது. நாட்டார் அதிகம் யோசிக்கவில்லை. சாவு வீட்டில் பதினாறாம் நாள் முடியும்வரை அடுப்பில் மீன் ஏறாது. அவர்கள் மீனைத் தின்றவனுக்கும் அதுவரை ஏறக்கூடாது. ஏரி மீனும் கூடாது, கடல் மீனும் கூடாது. விடுதியில் அதைக் காவல் காக்க வேண்டியவள் சமையற்காரி. அவ்வளவுதான். வணிகர் என்ன தீர்ப்பு என்று கேட்டார். இந்த முறை ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அவர் குடை குலுங்கச் சிரித்தார்.

அடுத்த நாள் அவள் கணவரின் பாடு. விடியற்காலையில் அவர் முகத்துவாரத்தில் வலை இறக்கியதைப் பின்வாசலில் நின்று பார்த்தேன். நான் கரையைத் தாண்டிக் கால்கூட வைக்கவில்லை. அவர் வீசியபோது வலை வானத்தில் வட்டமாகத் திறந்து, வட்டமாகவே தண்ணீரில் படுத்தது. அந்த வட்டத்துக்கும் என் மூட்டைக்கும் ஒரே வலை என்று சொன்னால் யார் நம்புவார்கள். படகு தாழ்ந்து திரும்பி வந்தது. இறால், நண்டு, இரண்டு கொடுவா.

அன்றும் மறுநாளும் விடுதி மேசையில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. தேங்காய்ப்பாலில் இறால் வந்தது. மிளகு போட்ட நண்டு வந்தது. வணிகர் ஓடு உடைக்கிற சத்தம் கூடத்து மணிப்பொறியைவிட ஒழுங்காகக் கேட்டது. என் தட்டில் ரொட்டியும் அழுகல் மணம் வீசுகிற மஞ்சள் பாலாடைக்கட்டியும். சமையற்காரி ஒவ்வொரு முறையும் நண்டுத் தட்டை என் மூக்குக்கு நேராக, தேவைக்கு மேல் மெதுவாக, கொண்டுபோனாள். ரொட்டிக்கு அடியில் மிளகாய் இருக்கிறதா என்று இரண்டு நாளும் புரட்டிப் பார்த்தேன். முதல் நாள் இல்லை. கடைசி நாள் இருந்தது.

கிளம்புகிற அன்று வணிகரின் பெட்டிகளை ஏரிப்பக்கத்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் படித்துறையில் உட்கார்ந்து நண்டு ஓடுகளைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தாள். மடித் துணியைத் தவறிப்போய் இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தேன், அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். படகில் ஒரு காலை வைத்தபடி, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டேன். பதினாறாம் நாள் கழித்து இந்தப் பக்கம் வந்தால், பின்வாசலில் உட்காரவைத்தாவது எனக்கு ஒரு துண்டு கொடுவா கிடைக்குமா என்று.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"வா. வலையத் தொடாத."